ஒரு படமும் பல தீர்ப்புகளும்

இளைஞரை ஆட்டக்களத்தில் நெறிப்படுத்தும் ஆசான் ஒருவனின் கதை திரையில் வரும்போது, அதனைக் காண்போர் இரு கூறாகப் பிரிதல் இயல்பு. கண் கலங்கி எழுவோர் ஒரு சாரார். இத்தகைய கதையை முன்னரும் கண்டோம் என்று நகைத்து எழுவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் கண்டது ஒரே படமே. அருகருகே அமர்ந்தும் கண்டிருப்பர். ஆயினும் அவர்தம் தீர்ப்புகள் தம்முள் மாறுபடுகின்றன. இம்மாறுபாட்டின் காரணம் யாது என ஆராய்தல், ஆசிரியத் தொழில் புரியும் எம்போன்றோர்க்குப் பயனுடைத்து. ஏனெனில், படத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறும்போது, கற்பித்தல் என்னும் தொழிலைப் பற்றி அவரவர் உள்ளத்தில் கொண்டுள்ள கருத்தும் உடன் வெளிப்பட்டுவிடுகின்றது.

யான் ஈண்டு எடுத்துக்கொண்டது 'ஹார்ட்போல்' என்னும் அமெரிக்கத் திரைப்படம். பிரையன் ரொபின்ஸ் நெறிப்படுத்த, கீயானு றீவ்ஸ் தலைமைப் பாத்திரமேற்று நடித்த இப்படம் 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி வெளியாயிற்று. நியூயோர்க் நகரின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்து மூன்று நாள்களே கழிந்திருந்த வேளை அது. அத்துயரின் நடுவிலும், அவ்வார இறுதியில் அமெரிக்கப் படமாளிகைகளில் வசூலில் முதலிடம் பெற்றது இப்படமே.

கதையைச் சுருங்கக் கூறுவேன். சூதாடிக் கடனில் மூழ்கிய கொனர் என்பவன், கடன்காரர்க்கு அஞ்சி ஒரு நண்பனிடம் பணம் கேட்டுச் செல்கின்றான். நண்பன் கடன் கொடுத்தானில்லை. தான் பொறுப்பேற்றிருந்த சிறுவர் பேஸ்போல் அணியைத் தனக்குப் பதிலாகப் பயிற்றுவித்தால் வாரமொன்றுக்கு 500 டொலர் தருவதாகக் கூறுகின்றான். இங்ஙனம் கூலிக்கு வந்து சேர்ந்தவனே நம் கதாநாயகன். அவன் வந்து சேர்ந்த இடம் சிக்காகோ நகரில் வறிய கறுப்பின மக்கள் வாழும் அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்பு. பேஸ்போல் ஆட்டம் நம்மவர்க்குப் பழக்கமில்லாததாயினும், நம் பாடசாலை மைதானங்களில் ஆடப்படும் எல்லே ஆட்டத்தை அறிந்தோர் அதனை எளிதில் விளங்கிக்கொள்வர்; பந்தை அடித்து, நிலைக்கு நிலை ஓடி, தொடங்கிய இடத்தை மீளவும் அடைதலே இரண்டிற்கும் பொது.

அவ்வணியின் சிறுவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். மைல்ஸ் என்பவன் காதில் ஒலிக்கருவியைப் பொருத்திப் பாட்டுக் கேட்டவாறுதான் பந்தை எறிவான். அக்கருவியை விதி தடுத்தபோது அவன் கை சோர்கின்றது. தோழர் தம் வாயாலேயே அப்பாட்டைப் பாடி அவனைத் தேற்றுகின்றனர். ஜமால் என்பவன் வயதெல்லையைச் சிறிது தாண்டியமையால் அணியினின்றும் நீக்கப்பட்டு, பின்னர் தெருக் கும்பலொன்றைச் சேர்கின்றான். ஜீ-பேபி என்று அழைக்கப்படும் சின்னஞ்சிறுவன் ஆடும் வயதை எட்டாதவன். தமையனோடு வந்து களத்தின் ஓரத்தில் நிற்பவன். ஆள் குறைந்த ஓராட்டத்தில் அவனைக் களத்தில் இறக்க, அவன் அடித்த அடியே அணிக்கு வெற்றியைத் தருகின்றது. அன்றைய ஆட்டம் முடிந்து வீடு திரும்பிய அவனை, யாரோ யாரையோ நோக்கிச் சுட்ட வேட்டு ஒன்று பலிகொள்கின்றது.

இனி, கண்டோர் கூறியவற்றை நோக்குவோம். விமரிசகருட் பலர் இது பழகிய தடத்திற் செல்லும் கதை என்றனர். உதவாத அணி, கெட்டொழிந்த பயிற்றுநன், ஒரு தோல்வி, ஒரு மரணம், ஒரு வெற்றி என்னும் வரிசை அவர்க்கு மனப்பாடமாய் இருந்தது. சிறுவர் வாயில் வரும் தீச்சொற்கள் வேறு சிலரைச் சினமூட்டின. கறுப்பினச் சிறுவரைக் கரையேற்ற வெள்ளையன் ஒருவன் வரவேண்டுமோ என வினவினோரும் உளர். பொதுமக்களுள் எண்ணற்றோரோ இவை ஒன்றையும் பொருட்படுத்தாது, அச்சிறுவனுக்காக அழுதனர், இன்றும் அழுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், விடுமுறைக்கால மாலையொன்றில் இப்படத்தை நால்வர் என் இல்லத்தில் ஒருங்கிருந்து பார்த்தோம். ஓய்வுபெற்ற விளையாட்டாசிரியர் ஒருவர், என் பழைய மாணவனாகிய வங்கி உத்தியோகத்தன் ஒருவன், புதிதாய் நியமனம் பெற்ற இளம் ஆசிரியை ஒருவர், யான் ஆகியோரே அந்நால்வர். படத்தில் ஒரு காட்சி. பயிற்றுநன் ஒரு சிறுவனின் வீட்டிற்குட் செல்கின்றான். அங்கு நாற்காலிகள் இருந்தும் வீட்டார் அனைவரும் தரையில் அமர்ந்திருக்கின்றனர். யன்னலின் மட்டத்திற்குமேல் தலை தெரிந்தால் வேட்டுப் படலாம் என்பதே காரணம். கதாநாயகன் திகைக்கின்றான். எம் நால்வரில் எவரும் திகைத்தாரில்லை. சில கணம் எவரும் பேசவுமில்லை. சுவர் ஓரத்தில் தரையோடு தரையாய் இருந்து இரவைக் கழித்த குடும்பங்களிற் பிறந்தோர்க்கு அக்காட்சிக்கு விளக்கம் வேண்டியதில்லை. மிகை என்று அதனை ஒதுக்கும் பார்வையாளன், வாழ்வில் நாற்காலியில் அமர மட்டுமே கற்றவன் என்பது என் எண்ணம்.

சிக்காகோவில் அது மிகையும் அன்று. இக்கதைக்கு மூலமாகிய 'கப்ரினி-கிறீன்' குடியிருப்பில், 1992ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், தாயோடு பாடசாலைக்கு நடந்து சென்ற ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். அக்குடியிருப்பின் மாடிக்கட்டடங்களில் கடைசியாய் எஞ்சியது 2011இல் இடிக்கப்பட்டது.

படம் முடிந்தபின் எம்மிடையே சொல்லாடல் எழுந்தது. வங்கி உத்தியோகத்தன், முடிவைப் பாதியிலேயே ஊகித்துவிட்டதாகக் கூறினான். கூலிக்கு வந்த ஒருவனை ஆசான் என்று எவ்வாறு போற்றுவது என்றும் கேட்டான். அதற்கு முதிய விளையாட்டாசிரியர், "தம்பி, அவன் காசுக்கு வந்தால் என்ன, சும்மா வந்தால் என்ன? பிள்ளையளுக்கு ஆள் வந்ததுதானே கணக்கு" என்றார். இளம் ஆசிரியை நெடுநேரம் வாளாவிருந்து, பின் என்னை நோக்கி, "அந்தப் பிள்ளை சாகாமல் இவர் திருந்தியிருக்க ஏலாதோ, சேர்?" என்றார். அச்சபையில் எழுந்த வினாக்களுள் தலையாயது அதுவே.

அவ்வினாவிற்கு யான் அன்று கூறிய விடையை இங்குச் சிறிது விரித்துரைக்கின்றேன். கதையில் இறந்தவன் சிறுவன். பயன் பெற்றவன் வளர்ந்த மனிதன். சிறுவனின் சாவு மனிதனின் மனமாற்றத்திற்குப் படிக்கல்லாக அமைக்கப்பட்டுள்ளது. இதுவே இப்படத்தின் குறை. விமரிசகர் பலர் சுட்டிய 'பழகிய தடம்' இதனினும் சிறிய குறையே. பழகிய கதையில் குற்றமில்லை. நம் கூத்துகளும் பழகிய கதைகளையே நூற்றாண்டுகளாய் ஆடிவருகின்றன. ஆனால், மாணாக்கனின் துன்பம் ஆசிரியனுக்குப் பாடமாக அமைவது தலைகீழான ஒழுங்கு. வகுப்பறையில் ஒரு பிள்ளையின் இடம் வெறுமையானால், அவ்வெறுமை அப்பிள்ளைக்கும் அதன் தாய்க்கும் உரியது. அதனைக் கொண்டு தன் உள்ளத்தைப் பண்படுத்திக்கொண்டேன் எனக் கூற ஆசிரியனுக்கு உரிமை இல்லை.

இதனோடு இயைந்த வேறொரு குறையும் உண்டு. படத்தில் எலிசபெத் என்னும் ஆசிரியை ஒருவர் வருகின்றார். கொனர் வருமுன்னரும் அப்பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். ஒவ்வொரு காலையும் அவர்முன் நின்றவர். ஆயினும் கதை அவருக்கு அளித்த வேலை, கதாநாயகன் காதலிப்பதற்கு ஒருவராய் இருத்தலே. அன்றாடம் வருபவரின் உழைப்பு கண்ணிற் படாது, ஒரு பருவத்திற்கு வந்தவனின் உழைப்பே கதையாகும் என்பது உலக வழக்கம் போலும்.

உண்மை நிகழ்ச்சியும் இதற்குச் சான்று பகர்கின்றது. இப்படம் டானியல் கொயில் என்னும் எழுத்தாளர் எழுதிய நூலினின்றும் எடுக்கப்பட்டது. அவர் தாமே அக்குடியிருப்புச் சிறுவர்க்குப் பயிற்சியளித்தோருள் ஒருவர். அச்சிறுவர் கழகத்தை 1991இல் தொடங்கி வைத்தோருள் பொப் முசிக்கோவ்ஸ்கி என்னும் காப்புறுதி முகவரும், அக்குடியிருப்பை நன்கறிந்த அல் காட்டர் என்பவரும் குறிப்பிடத்தக்கவர். பலர் கூடி, பல ஆண்டு முயன்று செய்த பணி அது. திரையிலோ பலர் ஒருவராயினர். ஆண்டுகள் ஒரு பருவமாயின. படம் வெளிவந்தபோது முசிக்கோவ்ஸ்கி சினங்கொண்டார். சூதாடியும் குடியனுமாகக் காட்டப்பட்டவன் தம்மையே குறிப்பதாக மக்கள் கருதுவர் என்று கூறித் தயாரிப்பாளராகிய பரமவுண்ட் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2007இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நிறுவனத்திற்குச் சாதகமாக முடிந்தது. சட்டம் கூறுவது எதுவாயினும், அவர் உள்ளத்து வருத்தம் எனக்கு விளங்குகின்றது. நல்லவன் ஒருவன் ஒழுங்காக வந்துபோனான் என்றால் கதை இல்லை. தீயவன் திருந்தினான் என்றாலே கதை உண்டு.

அவ்வாறாயின் இப்படத்தை யான் வெறுத்தேனோ எனின், இல்லை. முதிய ஆசிரியர் கூறியதில் இப்படத்தின் உயிர் உள்ளது. முதலில் கொனர் பணத்திற்காகவே வருகின்றான். பிள்ளைகள் அதனை அறியாதவர் அல்லர். இவனும் விட்டுப்போவான் என்றே அவர்கள் எதிர்பார்க்கின்றனர். விட்டுப்போனோர் பலரைக் கண்ட கண்கள் அவை. அவன் மறுவாரமும் வருகின்றான்; அதற்கு மறுவாரமும் வருகின்றான். அவர்களிடத்து நிகழும் மாற்றம் அவன் கற்பித்த ஆட்ட நுணுக்கத்தால் விளைந்ததன்று. அவனுக்கு அத்துணை நுணுக்கம் தெரியவும் தெரியாது. குறித்த நாளில், குறித்த நேரத்தில், ஒருவன் வந்து நின்றான் என்பதே காரணம். பிற்பகுதியில் அவன் அச்சிறுவரை நோக்கி, இத்தனை இடர்களின் நடுவிலும் அவர்கள் தவறாது வந்து நிற்பதைக் கண்டே தான் கற்றுக்கொண்டதாகக் கூறுகின்றான். படத்தின் உண்மையான பாடம் அவ்விடத்தே உள்ளது, சாவீட்டில் இல்லை.

மாணவர் வரவு இடாப்பைக் காலைதோறும் விரிக்கும் எம்போன்றோர் இதனை நன்கறிவோம். இடாப்பில் பிள்ளையின் வரவு பதியப்படுகின்றது. ஆசிரியனின் வரவைப் பிள்ளைகள் தம் உள்ளத்தில் பதிகின்றனர். மழை நாளில் வந்தாரா, சம்பளம் பிந்திய மாதத்தில் வந்தாரா, வீதி அடைபட்ட காலத்தில் சுற்றுப்பாதையால் துவிச்சக்கரவண்டி உருட்டி வந்தாரா என்பன அவ்விடாப்பில் அழியா மையால் எழுதப்படுகின்றன.

இவ்விடத்தில் இதனினும் பழைய படமொன்றை நினைவுகூர்தல் தகும். 1976இல் மைக்கல் ரிட்சி நெறிப்படுத்திய 'த பாட் நியூஸ் பெயர்ஸ்' என்னும் நகைச்சுவைப் படத்திலும் குடிப்பழக்கமுள்ள ஒருவன் கூலிக்காகவே சிறுவர் அணியொன்றைப் பயிற்றுகின்றான். வோல்டர் மத்தாவ் அப்பாத்திரத்தை ஏற்றார். இறுதியாட்டத்தில் வெற்றியின் மேல் வெறி கொண்ட அவன் இடையில் தன்னை உணர்ந்து, அதுவரை ஆடவே வாய்ப்பில்லாதிருந்த பிள்ளைகளையும் களத்தில் இறக்குகின்றான். அணி தோற்கின்றது. அதில் எவரும் இறப்பதில்லை, கிண்ணமும் கிட்டுவதில்லை. ஆயினும் ஆசிரியன் ஒருவன் செய்யத்தக்கது யாது என்பதை அப்படம் கண்ணீரின்றியே காட்டிவிடுகின்றது. இரண்டில் எது சிறந்தது என வினவுவோர்க்கு, மாணவர் நோக்கில் முன்னதும் ஆசிரியர் நோக்கில் பின்னதும் என்பேன்.

விழா மலரொன்றில் அமெரிக்கப் படத்தைப் பற்றி இத்துணை எழுதுவானேன் என அன்பர் சிலர் எண்ணலாம். கல்லூரியின் பழைய மாணவர் உலகின் பல திசைகளிலும் வாழ்கின்றனர். அவர் அனுப்பும் பொருளால் நம் பாடசாலைகளில் கட்டடங்கள் எழுகின்றன. துடுப்புகளும் பந்துகளும் சீருடைகளும் வந்து சேர்கின்றன. அவ்வள்ளன்மைக்கு நாம் கடப்பாடுடையோம். எனினும் மாலை மூன்று மணிக்குப் பின் மைதானங்களைச் சென்று நோக்குக. பந்து உண்டு; துடுப்பு உண்டு; பிள்ளைகளும் உளர். நிற்பதற்கு ஒருவர் இல்லாமையால் வெறிச்சோடிய மைதானங்கள் எத்தனை! ஊரில் வாழும் பழைய மாணவர் கிழமையில் ஒரு மாலையை ஈவாராயின், அது எக்கட்டடத்திற்கும் குறைந்த கொடையன்று. ஆட்ட நுணுக்கம் அறியாதவரும் அஞ்ச வேண்டியதில்லை, கொனரும் அறியாதவனே. வேண்டுவது ஒன்றே: வரத் தொடங்கியவர் அடுத்த கிழமையும் வருதல் வேண்டும். ஒருமுறை வந்து நின்றுபோவது பிள்ளைகட்கு வராமையினும் கொடிது.

அம்மாலை விடைபெறும்போது, முதிய விளையாட்டாசிரியர் வங்கி உத்தியோகத்தனை நோக்கி, "புதன்கிழமை அஞ்சு மணிக்கு வேலை முடியுந்தானே?" என்று மட்டும் கேட்டார். அவன் அன்று விடை கூறவில்லை. அடுத்த புதன்கிழமை வந்தான். அதற்கடுத்த புதன்கிழமையும் வந்தான்.