விடுபட்ட ஆண்டுகள்

ஆசிரியப் பணிக்கு விண்ணப்பம் எழுதுவோர் அஞ்சும் இடம் ஒன்று உண்டு. படித்த பள்ளி, பயிற்சி பெற்ற கல்லூரி, பணியாற்றிய ஆண்டுகள் என வரிசையாக எழுதிவரும் கை, பணியின்றி இருந்த ஆண்டுகள் வந்ததும் தயங்கி நிற்கும். அவ்வாண்டுகளில் அவர் உழைத்திருப்பார். பள்ளியில் உழைத்ததினும் மிகுதியாகவே உழைத்திருப்பார். ஆயினும் ஊதியம் இல்லாத உழைப்பை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

இடைவெளி என்பது இம்மண்ணுக்குப் புதியதன்று. 1941ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் ஜப்பானியப் படை கோப்பெங்கைக் கடந்து கம்பாரை நோக்கிச் சென்றது. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் மலாயாவின் ஆங்கிலக் கல்வி நிலைகுலைந்தது. ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் பலர் மரவள்ளி நட்டும் சிறு வணிகம் செய்தும் உயிர் வளர்த்தனர். 1945இல் போர் முடிந்து பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டபோது, எல்லாரிடத்தும் அதே இடைவெளி இருந்தது. எனவே அதற்குத் தனி விளக்கம் தேவைப்படவில்லை. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் விலையைத் தாங்கிப் பிடிக்க இயலாது கைவிட்டதும், கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. வேலையிழந்த தந்தையர் பலரை இவ்வூரில் என் இளமையில் கண்டிருக்கிறேன். எவரும் அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லவில்லை.

திருமதி இராசம்மா பூபாலன் அவர்களையும் எண்ணிப் பார்க்கலாம். 1943இல், பதினாறு வயதில், கல்வியை விட்டு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா சென்றார். போருக்குப் பின் படிப்பைத் தொடர்ந்து ஆசிரியரானார். கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமைப் பொறுப்பேற்றார். பெண்ணாசிரியர்களின் சம ஊதியத்திற்காகப் போராடினார். அவர் கல்வியில் விழுந்த இடைவெளியே இன்று அவருடைய பெருமையாகப் பேசப்படுகிறது.

ஊருக்கே நேர்ந்த இடைவெளி வரலாறு ஆகிறது. நாட்டுக்காக நேர்ந்தது தியாகம் ஆகிறது. ஒரு வீட்டின் உள்ளறையில், ஒரு பெண்ணுக்கு நேர்ந்தது மட்டும் ஐயப்பாடு ஆகிறது. இதனை நான் அண்மையில் நேரில் உணர்ந்தேன்.

என்னிடம் முன்பு கற்பித்தல் பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவர், தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பித்து வந்தார். தாயார் பக்கவாதத்தால் படுக்கையில் விழவே, 2013இல் பணியைத் துறந்தார். ஒன்பது ஆண்டுகள் ஊட்டுவதும் துடைப்பதும் திருப்பிப் படுக்க வைப்பதுமாகக் கழிந்தன. தாயார் மறைந்தபின், வியட்நாமில் ஆங்கிலம் கற்பிக்கச் செல்ல விழைந்து, தம் விண்ணப்பத்தை என்னிடம் காட்டினார். ஒன்பது ஆண்டுகளுக்கும் நேராக, "தனிப்பயிற்சி மையப் பொறுப்பாளர்" என்று எழுதியிருந்தார். உண்மையில் மாலை வேளைகளில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் மூவர் அவர் வீட்டுத் திண்ணையில் வந்து படித்தனர், அவ்வளவே.

"ஒன்பது வருஷம் சும்மா வீட்டில் இருந்தேன் என்று எப்படி ஐயா எழுதுவது?" என்றார்.

"சும்மா இருந்தீர்களா, அம்மா?" என்று கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை, கண்கள் கலங்கின.

வெளிநாட்டுப் பள்ளி இக்கேள்வியை ஏன் கேட்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். காரணங்கள் இரண்டு. ஒன்று, பிள்ளைகளின் பாதுகாப்பு. தீய நடத்தையால் விலக்கப்பட்டவர் அதை மறைத்துக்கொண்டு வேறு நாட்டுப் பள்ளியில் நுழைந்துவிடக் கூடாது. இங்கிலாந்துப் பள்ளிகளுக்கான அரசின் பாதுகாப்பு வழிகாட்டி, பணி வரலாற்றின் இடைவெளிகளுக்கு விளக்கம் பெறுமாறு கூறுகிறது. அனைத்துலகப் பள்ளிகள் பலவும் இம்முறையைப் பின்பற்றுகின்றன. மற்றொன்று, கற்பிக்கும் திறன் துருவேறிவிட்டதோ என்னும் ஐயம். முதற் கேள்விக்கு வேண்டுவது சான்று. இரண்டாம் கேள்விக்கு வேண்டுவது பயிற்சி. இரண்டிற்கும் கண்ணீர் விடையாகாது. பொய்யோ முதலுக்கே கேடாகும். இல்லாத மையத்திற்கு யார் சான்றுரைப்பார்?

நம் இலக்கியத்திலேயே இதற்கு வழிகாட்டல் உண்டு. புறநானூறு நானூறு பாடல்களின் தொகுப்பு. அதில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அதற்காக எண்களை நெருக்கி முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று எவரும் கணக்கை மாற்றவில்லை. புதுப் பாடல் இரண்டு புனைந்து நிரப்பவுமில்லை. எண் இருக்கிறது, இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த நேர்மையால்தான் எஞ்சிய பாடல்களை நாம் நம்பிப் படிக்கிறோம். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்காதபோதும் அதன் பெயர் பதிற்றுப்பத்தே.

இதனைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. மையப் பொறுப்பாளரை அடித்துவிட்டு நான்கே தொடர்கள் எழுதினார்: "2013 முதல் 2022 வரை, நோயுற்ற தாயாரைப் பராமரிக்கப் பணியிலிருந்து விலகியிருந்தேன். அக்காலத்தில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் மூவருக்கு மாலையில் ஆங்கிலம் கற்பித்தேன். என் குடும்பப் பொறுப்பு நிறைவுற்றது. கற்பித்தல் திறனைப் புதுப்பிக்கப் பயிற்சியில் சேர்ந்துள்ளேன்." நோயின் விவரமோ, இரக்கம் தேடும் சொல்லோ இல்லை.

பிறகு செயலில் இறங்கினார். கேம்பிரிட்ஜின் செல்டா பயிற்சியை முடித்தார். அது ஏறத்தாழ 120 மணி நேரம் கொண்டது. அதில் ஆறு மணி நேரம், பயிற்றுநர் மதிப்பிட, உண்மையான மாணவர்க்கே பாடம் நடத்த வேண்டும். வெளியுறவு அமைச்சு வழங்கும் நன்னடத்தைச் சான்றிதழைப் பெற்றார். பழைய தலைமையாசிரியரிடம் சான்றுரையும் வாங்கினார். முதலில் நேர்கண்ட பள்ளி அவரை ஏற்கவில்லை. இரண்டாவது பள்ளி, அந்த மூன்று பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பித்தீர் என்று கேட்டது. ஒருவன் எழுத்துக்கூட்ட அறியாதவன், ஒருத்தி கதை எழுதுபவள், ஒருவன் வாய் திறவாதவன். ஒரே திண்ணையில் மூவரையும் நடத்திய முறையை அரை மணி நேரம் விளக்கினாராம். இன்று டா நாங் நகரில் பணியாற்றுகிறார்.

நேர்காணும் இருக்கையில் அமரும் ஆசிரியப் பெருமக்கள், விடுபட்ட ஆண்டுகளைக் கண்டால் கேட்கத்தான் வேண்டும். பிள்ளைகளின் நலன் அதனைக் கோருகிறது. ஆனால் "ஏன் சும்மா இருந்தீர்?" என்பது ஒரு கேள்வி, "அவ்வாண்டுகளில் என்ன செய்தீர்?" என்பது வேறு கேள்வி. முன்னது வந்தவரைத் தலைகுனிய வைக்கும். பின்னது அவரைப் பேச வைக்கும். மாணவச் செல்வங்களே, நாளை உங்கள் வாழ்விலும் சில ஏடுகள் விடுபடலாம். எண்களை மாற்றாதீர்கள், இடத்தை நேர்மையாக விட்டு, எஞ்சிய பாடல்களைச் செம்மையாகப் பாடுங்கள்.