எல்லையோரக் கிராமங்கள் கற்பிக்கும் பொறுமை



நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை ஆகிய ஊர்களைக் கடந்தால் பாறசாலை வருகிறது. அமரவிளையில் நெய்யாற்றைத் தாண்டினால் நெய்யாற்றின்கரை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழ்நாட்டோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனினும் இருபுறமும் அதே ரப்பர் தோட்டங்கள், அதே மரவள்ளி, அதே உறவினர். நகரங்களில் குடியேறிய நம்மில் பலருக்கு இது பிறந்த மண். ஆகவே ஊருக்கு உதவி அனுப்பும் பாரமும் நமக்கு உண்டு.

ஆனால் அவ்வுதவி பெரும்பாலும் அவசரத்தோடு செல்கிறது. கிறிஸ்துமஸுக்கு முன் தையல் இயந்திரங்களை வழங்கிப் புகைப்படம் எடுக்க விரும்புகிறோம். மறு ஆண்டு அவற்றில் எத்தனை ஓடுகின்றன என்று கேட்பவர் சிலரே.

இவ்வெல்லையின் மேற்புறக் கிராமங்களில் வேறொரு வழியைக் காணலாம். 1998-ஆம் ஆண்டு மே 17-ஆம் தேதி மலப்புறத்தில் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கத்தின் அடித்தளம் அயல்கூட்டம். பக்கத்து வீடுகளின் 10 முதல் 20 பெண்கள் வாரந்தோறும் ஒருவர் வீட்டில் கூடுகிறார்கள். சிறு தொகையைச் சேமித்துக் கணக்கு எழுதுகிறார்கள். அச்சேமிப்பிலிருந்தே ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துத் திருப்பிப் பெறப் பழகுகிறார்கள். குழுவின் ஒழுங்கு மதிப்பிடப்பட்ட பின்னரே வங்கிக் கடன் கிடைக்கிறது. முதலில் நம்பிக்கை, பின்னர் பணம் என்பதே அதன் வரிசை. கையெழுத்திடத் தயங்கிய பெண் கிராமசபையில் எழுந்து சாலையையும் குடிநீரையும் பற்றிக் கேட்கும் நாள் இவ்வழியில்தான் வருகிறது. அந்நாளை வெளியிலிருந்து ஒருவரும் வாங்கிக் கொடுக்க இயலாது.

எல்லைக்குக் கிழக்கே இதற்கு முன்னோடியும் உண்டு. சேலத்தில் பிறந்த கே. டி. பால் அவர்கள் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் பணிக்கு வித்திட்டார். 1920-களில் மார்த்தாண்டத்தில் அமைந்த அதன் கிராம மறுசீரமைப்பு மையத்தை ஸ்பென்சர் ஹேட்ச் என்னும் அமெரிக்க ஊழியர் நடத்தினார். மிக ஏழையானவரும் தம் கையிலுள்ளதைக் கொண்டே செய்யத்தக்கதை மட்டும் காட்டுவது அவர் முறை. தேனீ வளர்ப்பு அவ்வாறே வீடுகளில் வேரூன்றியது. 1990-களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் தென்னிந்தியத் தேனீக் குடும்பங்களை அழித்தபோது, எஞ்சிய குடும்பங்களிலிருந்து மக்கள் மீண்டும் பெருக்கினார்கள். தொழிலறிவு அவர்களுடையதாக இருந்தபடியால் தொழில் மாண்டுபோகவில்லை. இன்றும் ரப்பர் தளிர்க்கும் காலத்தில் அவர்களுடைய தேன்பெட்டிகள் கேரளத் தோட்டங்களுக்குச் செல்கின்றன.

வேதத்தில் நெகேமியாவை நினைத்துப் பாருங்கள். அலங்கம் 52 நாளில் முடிந்ததையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். அதற்குமுன் கிஸ்லே மாதம் தொடங்கி நிசான் வரை அவர் ஜெபித்துக் காத்திருந்தார். எருசலேமுக்கு வந்தபின்னும் மூன்று நாள் தங்கி, இரவிலே சென்று இடிபாடுகளைத் தாமே பார்வையிட்டார். அதன்பின்பே ஜனங்களிடம் பேசினார். கட்டுவோம் என்ற தீர்மானம் ஜனங்களின் வாயிலிருந்து பிறந்தது. பலர் தங்கள் வீட்டுக்கு எதிரேயிருந்த பங்கைக் கட்டினார்கள். நடுவே ஏழைகள் கடன்பாரத்தால் முறையிட்டபோது, அவர் அதைக் கேட்டுத் தீர்த்துவைத்தார். வேகம் இருந்தது, அது ஆயத்தத்தின் கனியாக வந்தது.

ஆகவே அன்பானவர்களே, ஊருக்குக் காணிக்கை அனுப்புமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். இத்தேவையைச் சொன்னவர் யார்? அவ்வூரார் கூடிப் பேசினார்களா? தங்கள் பங்காக அவர்கள் எதைத் தருகிறார்கள்? பழுதானால் சரிசெய்பவர் யார்? மூன்றாம் ஆண்டிலும் நாம் அவர்களோடு இருப்போமா? விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது பரிசுப் பொருளோடு மட்டும் போகாமல், ஓர் அயல்கூட்டத்தில் அனுமதி பெற்று அமைதியாக அமர்ந்து கேளுங்கள்.

விதைக்கிறவன் நிலத்தைத் தோண்டித் தோண்டிப் பார்ப்பதில்லை. முதலில் முளை, பின்பு கதிர், அதன்பின் நிறைந்த தானியம் என்று நம் ஆண்டவரும் போதித்தார். அந்தப் பொறுமையை நமக்கும் நம் சபைகளுக்கும் அவர் தந்தருள்வாராக. ஆமென்.