கொள்ளுப்பிட்டியிலிருந்து லோங்டன் பிளேஸ் வரை

கொள்ளுப்பிட்டியில் நம் தங்கையின் இல்லம், காலி வீதிக்கும் கடலோரப் புகையிரதப் பாதைக்கும் நடுவே ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை நண்பகல், அங்கே உணவருந்திவிட்டுச் சாய்வு நாற்காலியில் சற்றே கண்ணயரும் எண்ணத்தோடு இருந்த நம்மை மருமகன் வந்து எழுப்பினான்.

“மாமா, இன்றைக்கு லோங்டன் பிளேசில் கிளிபர்ட் கிண்ண றகர். நொக் அவுட். தோற்றால் அதோடு சரி. நீங்கள் வந்து பார்க்க வேணும்.”

நாம் பட்டப்படிப்பு முடித்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரியில் கற்பிப்பவர். உதைபந்தாட்டம் அறிவோம், 1904 முதல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் ஆடிவரும் துடுப்பாட்டத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசவும் வல்லோம். ஆயின் முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடும் இந்த ஆட்டத்தை அன்றுவரை கண்ணுற்றதில்லை. பையனின் வேண்டுகோளுக்குப் பின்னே வேறொரு வழக்கு இருந்தது. அவனைப் பாடசாலை அணிக்குத் தெரிவு செய்திருந்தார்கள். தாயின் கையொப்பம் வேண்டும். தாய் மறுத்துவிட்டாள்.

“அண்ணா, இது எங்கட ஆட்களுக்குரிய விளையாட்டோ? தோள்மூட்டை உடைச்சுக்கொண்டு வந்தால் சோதனையை ஆர் எழுதுறது?” என்று அவள் சமையலறையிலிருந்து கேட்டாள். நாம் பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொல்வதென்று முடிவாயிற்று.

குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். முச்சக்கர வண்டி வேண்டாம், நடப்போம் என்றோம். லிபர்ட்டிச் சந்தியைக் கடந்தால் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை தொடங்குகிறது. முன்னாளில் இதற்குக் கிறீன் பாத் என்று பெயர். 1877இல் கொழும்பிலே பிறந்து, கீழைத்தேயக் கலையின் பெருமையை உலகுக்கு எடுத்துரைத்த அறிஞரின் பெயரை இப்போது தாங்கி நிற்கிறது. மர நிழலில் நடந்து, அவர் பிறந்த அதே ஆண்டில் திறக்கப்பட்ட நூதனசாலையின் வெள்ளைக் கட்டடத்தையும் பார்த்துக்கொண்டு, பழைய குதிரைப் பந்தயத் திடலை அடைந்தோம். 1942இல் உயிர்த்த ஞாயிறன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது, இத்திடலை அவசர விமான ஓடுதளமாக்கி வைத்திருந்ததை அவர்கள் அறிந்திருக்கவில்லை. பிரித்தானியப் போர் விமானங்கள் இங்கிருந்தே மேலெழுந்தன. அதே திடலில் இன்று பிள்ளைகள் றகர் ஆடுகிறார்கள்.

வழியில் மருமகன் நமக்கு ஆட்டத்தைக் கற்பித்தான். பந்தைக் கையில் ஏந்தி முன்னோக்கி ஓடலாம். ஆனால் எறிவதென்றால் பக்கவாட்டிலோ பின்னாலோதான் எறிய வேண்டும். முன்னேற வேண்டுமாயின் பின்னால் வருபவனை நம்பியே ஆக வேண்டும் என்பது நமக்குப் பிடித்திருந்தது. றோயல் கல்லூரிக்கும் கண்டித் திரித்துவக் கல்லூரிக்கும் இடையே 1920 முதல் நடந்துவரும் போட்டியையும் சொன்னான். 1945இல் றோயல் அதிபர் பிராட்பி அதற்கு ஒரு கேடயம் வழங்கினார். கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று என இரண்டு ஆட்டங்கள். புள்ளிகளைக் கூட்டியே வெற்றி. “அதில் ஒருநாள் விழுந்தாலும் மற்றநாள் எழும்பலாம், மாமா. இதில் அப்படி இல்லை.”

நாமும் ஆசிரியராயிற்றே, சும்மா நடப்போமா? நாம் படித்திருந்ததை அவனுக்குச் சொன்னோம். வட இங்கிலாந்தில் இவ்வாட்டத்தை ஆடியவர்களிற் பெரும்பாலோர் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமை விளையாடப் போனால் கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று அவர்களுடைய கழகங்கள் கேட்டன. கனவான்களின் சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29ஆம் திகதி ஹடர்ஸ்பீல்ட் நகரத்து ஜோர்ஜ் ஹோட்டலில் கூடிப் பிரிந்து போனார்கள். அதிலிருந்து பிறந்ததே பதின்மூன்று பேர் ஆடும் றக்பி லீக். அவர்கள் நடத்திய முதலாவது விலகல் முறைக் கிண்ணப் பருவம் 1896-97. பழங்கந்தலைப் பிரித்து மீண்டும் நூலாக்கித் துணி நெய்த பாட்லி என்னும் சிற்றூரின் அணி, 1897 ஏப்பிரல் 24ஆம் திகதி ஹெடிங்லியில் 13,492 பேர் பார்த்திருக்க, கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன சென் ஹெலன்சை 10-3 என வென்று கிண்ணத்தை எடுத்துச் சென்றது.

“எங்களிடம் வந்தது எது, மாமா?”

நமக்கு வந்தது கனவான்களின் பதினைவர் ஆட்டம். துரைமாரும் படைவீரரும் கொண்டுவந்தது. தறவளையிலும் ரதல்லையிலும் தேயிலைச் சரிவுகளின் நடுவே தோட்டத்துரைமாரின் கழகத் திடல்கள் இருந்தன. சுற்றிலும் கொழுந்து கொய்த நம்மவர் எவரும் அத்திடலில் ஆட அழைக்கப்பட்டதில்லை. அங்கே கூலிக்காகப் பிளவுபட்ட ஆட்டம், இங்கே கூலியைப் பற்றிக் கேட்க வாயில்லாதவர்களின் கண்முன்னே ஆடப்பட்டது.

ஆயினும் கதை அங்கேயே நின்றுவிடவில்லை. கண்டியில் 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய பிளேஸ் என்னும் பறங்கியர், தம் மாணவருக்கு இதைக் கற்பித்தார். 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவமும் மோதியதே பாடசாலைகளுக்கிடையிலான முதலாவது ஆட்டம். கொழும்பிலோ ஐரோப்பியரின் கழகம் சுதேசிகளுக்குக் கதவைத் திறக்கவில்லை. எனவே 1922இல் சுதேசிகள் தாமே ஒரு கழகம் கண்டார்கள். அதுதான் சீ.ஆர். அன்ட் எவ்.சி. லோங்டன் பிளேஸ் திடல் அவர்களுடையது. நாம் அன்று ஆடப்போவதைப் பார்க்கவிருந்த கிண்ணமோ, ஆளுநர் சேர் ஹியூ கிளிபர்ட் காலத்தில், 1926இல் வந்தது. துரைமார் தந்த கிண்ணத்துக்காக, துரைமார் சேர்க்காதவர்களின் திடலில் ஆட்டம்!

திடலை அடையவும் மழை தொடங்கிற்று. குடைகளுக்கிடையே இடம் பிடித்துக் கச்சான் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு நின்றோம். முதற் கால்மணி நேரம் ஒன்றும் விளங்கவில்லை. எட்டுப்பேரும் எட்டுப்பேரும் தலைகுனிந்து தோளோடு தோள் பொருத்தி நின்று தள்ளினார்கள்; மழையில் அவர்களின் முதுகிலிருந்து ஆவி எழுந்தது. நாம் அஞ்சியது போலவே விழுந்தார்கள், புரண்டார்கள். ஆனால் நடுவர், உயரத்தில் அவர்களின் தோளுக்குக்கூட எட்டாதவர், ஊதலை ஊதியதும் அத்தனைபேரும் அடங்கி நின்றார்கள். எதிர்த்துப் பேசியவர் இல்லை. நம் வகுப்பறையில் இவ்வளவு அமைதியை நாம் கண்டதில்லை.

இறுதி நிமிடங்களில் ஒரு வீரர் கோட்டுக்கு இரண்டு பாகம் இருக்கையில் சேற்றில் வழுக்கி விழுந்தார். பந்து கையைவிட்டுப் போயிற்று. ஆட்டமும் போயிற்று. அவர் எந்த அணியினர் என்பதை எழுதப் போவதில்லை. விருந்தாளியாகப் போனவர் அதைச் சொல்வது முறையன்று. ஊதல் ஒலித்த பின்னும் அவர் விழுந்த இடத்திலேயே அமர்ந்திருந்தார். வென்ற அணியின் தடித்த மனிதர் ஒருவர் தம் கூட்டத்தின் ஆரவாரத்தை விட்டு விலகி வந்து, ஒன்றும் பேசாமல் அவர் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தார். மருமகன் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றான். நாம் கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை.

வீடு திரும்புகையில் இருட்டிவிட்டது. தங்கை கதவைத் திறந்தாள். நம்மிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. 1974இல் கொழும்பில் நடந்த ஆசிய றக்பிப் போட்டியில் இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் இந்திரஜித் குமாரசுவாமி, கேம்பிரிட்ஜில் பயின்றவர், 2016 முதல் 2019 வரை மத்திய வங்கியின் ஆளுநராக இருந்தவர். நம்மவர்தாமே என்றோம்.

“அவர் படிப்பையும் விடேல்லை,” என்றாள் தங்கை. “இவன் கணிதப் புத்தகத்தைத் திறந்து மூன்று நாள்.”

இதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. தோள்மூட்டு உடையாதென்று உறுதி கூறவும் நம்மால் இயலாது, அதையும் சொன்னோம். விழுந்தவர் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்ததையும் சொன்னோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு நம் வேட்டிக் கரையைப் பார்த்தாள்.

“இந்தச் செம்மண் தோய்த்தால் போகுமோ, அண்ணா?”

“இரவு ஊறவைத்தால் போகும்,” என்றான் மருமகன், நம்மை முந்திக்கொண்டு. “நானே தோய்ப்பேன், அம்மா.”

அவள் மேசை விளக்கைப் போட்டு, கணிதப் புத்தகத்தை எடுத்து அவன் முன்னே வைத்தாள். கையொப்பமிட வேண்டிய தாளை அதனடியில் வைத்தாள்.