பில் இல்லாத பேட்டரி

பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை ஆட்டோக்களுக்கு ஓய்வில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்கு வரும் பக்தர்களை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, சில மாதம் முன்பு மாற்றிய பேட்டரி படுத்துவிட்டால் ஓட்டுநருக்கு அன்றைய வருமானமே போச்சு.

கடைக்காரர், "கம்பெனிதான் தரணும்ணே" என்பார். கம்பெனியோ வாரண்டி கார்டையும் பில்லையும் கேட்கும். கார்டில் கடை முத்திரை, விற்ற தேதி, வரிசை எண் இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வரி மிச்சமாகும் என்று பில் வாங்காமல் வந்தவருக்குத்தான் இதில் பெரிய அடி.

சட்டம் ஓட்டுநர் பக்கம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். வாடகை வண்டியாயிற்றே, வழக்கு நிற்குமா என்ற பயமும் வேண்டாம்: சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் ஓட்டுபவரும் நுகர்வோர்தான்.

திருவண்ணாமலையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது; பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் புகாரைக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

ஆட்டோ ஓட்டும் அண்ணன்மார்களே, அடுத்த முறை பில்லைக் கேட்டு வாங்குங்கள். மை மங்கிப்போகும் முன் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.