தொண்ணூற்றிரண்டு

அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புக்காக ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். என் விவரங்களை முடித்துக்கொண்டு, “அம்மா என்ன பண்றாங்க மேடம்?” என்றார். “அம்மா வீட்லதான் இருக்காங்க” என்றேன். அடுப்படியில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.

என் பதிலுக்கு ஓர் எண் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது: 92. வீட்டு வேலைகளை மட்டும் செய்பவர். அதோடு விறகு பொறுக்கினால், வீட்டுத் தேவைக்குத் துணி தைத்தால் 93. இருவருமே தொழிலாளர் படைக்கு வெளியே நிற்பவர்கள். வேலையில் இருப்போரையும், வேலை தேடுவோர் அல்லது கிடைத்தால் செய்யத் தயாராக இருப்போரையும் கூட்டி, மக்கள்தொகையால் வகுத்தால் வருவது பங்கேற்பு விகிதம். இந்தியாவில் 15 வதும் அதற்கு மேலும் வயதுள்ள பெண்களில் இது 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7. கூடியதில் பெரும்பங்கு சுயதொழில். குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவும் பெண்களும் அதில் அடக்கம்.

ஊரில் இருந்தபோது அம்மா இரண்டு மாடு வைத்திருந்தாள். சொசைட்டிப் புத்தகம் அப்பா பெயரில். ஆனாலும் கணக்கெடுப்பின்படி அவள் தொழிலாளிதான். பாலை விற்காமல் வீட்டுக்கே வைத்துக்கொண்டாலும் மாடு வளர்ப்பது வேலை. அந்தப் பாலைக் கடைந்து வீட்டுக்கு வெண்ணெய் எடுத்தால் அது வேலையில்லை. நெல் விளைவித்தால் வேலை. அதே நெல்லை வீட்டுச் சோற்றுக்காக அவித்துக் காயவைத்தால் வேலையில்லை. தொழுவத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே எங்கோ ஒரு கோடு. அம்மா ஒரு நாளைக்கு எத்தனை முறை அதைத் தாண்டியிருப்பாள்!

என்னிடமும் அந்தக் கோடு வந்தது. முனைவர் பட்டம் வாங்கிய கையோடு மகள் பிறந்தாள். ஒரு கல்லூரி நேர்முகத்தில், “குழந்தையை யார் பாத்துப்பாங்க?” என்று கேட்டார்கள். பதில் இல்லை. அதன்பின் மூன்று ஆண்டுகள் விண்ணப்பிக்கவே இல்லை. கிடைத்திருந்தாலும் போயிருக்க முடியாது. வேலை தேடியவரை நான் வேலையில்லாதவள். தேடுவதை விட்டதும் அந்தப் பட்டியலிலிருந்தும் போய்விட்டேன். எனக்கு வேலை கிடைக்காமலேயே நாட்டின் வேலையின்மை ஒரு ஆள் குறைந்தது.

பிறகு அம்மா வந்தாள். மாடுகளை விற்றுவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு. நான் கல்லூரிக்குப் போனேன். நான் உள்ளே நுழைந்த அதே மாதம் அவள் வெளியேறினாள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் விகிதம் அசையவே இல்லை. அவள் இடத்தில் சம்பளத்துக்கு ஒரு பெண்ணை வைத்திருந்தால், அந்தப் பெண் தொழிலாளி. அம்மா என்பதால் 92.

2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டார்கள்; ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். நிமிடங்களை எண்ண அரசுக்குத் தெரிந்திருக்கிறது. வேலை என்று பெயரிடத்தான் மனமில்லை.

அரசை மட்டும் சொல்வானேன்? குறுந்தொகையில் ஒருத்தி தயிர் பிசைந்த விரலோடும் தாளிப்புப் புகை படிந்த கண்ணோடும் சமைக்கிறாள். கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் மலர்கிறது. ஆண்டுதோறும் அதை இல்லறத்தின் அழகு என்றே பாடம் நடத்தியிருக்கிறேன். உழைப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. பொருள் தேடப் போகும் தலைவனின் பிரிவுக்கு மட்டும் ‘வினை’ என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன்.

தம்பி போன பிறகு அம்மா கேட்டாள்: “என்ன எழுதிட்டுப் போனான்?”

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“மாட்டை வித்த அன்னிக்கு ராத்திரி முழுக்கத் தூங்கல. உங்கிட்டச் சொல்லல” என்றாள். எழுந்து குக்கரைத் திறக்கப் போனாள்.

அடுத்த முறை யாராவது வந்தால் அம்மாவையே உட்காரவைத்துப் பதில் சொல்லச் சொல்வேன். அப்போதும் அவர்கள் 92 என்றுதான் எழுதக்கூடும். ஆனால் அந்த எண்ணை அவளுக்குக் கொடுத்தவள் நானாக இருக்க மாட்டேன்.