சட்டைக்குள் இருந்த பெயர்

காற்பந்தில் கோல் போடுபவரையே பலரும் கொண்டாடுவர். எனக்கோ, பிறர் கோல் போட வழி அமைத்துத் தரும் மத்தியத் திடல் ஆட்டக்காரர்களைத்தான் மிகவும் பிடிக்கும். அவர்களுள் ஒருவர் ஸ்பெயின் நாட்டின் அந்திரேஸ் இனியெஸ்தா.

1984ஆம் ஆண்டு ஃபுயெந்தேயல்பில்யா என்னும் சிற்றூரில் பிறந்த அவர், 12 வயதில் பெற்றோரைப் பிரிந்து பார்சலோனா குழுவின் பயிற்சி விடுதியில் சேர்ந்தார். வீட்டு ஏக்கத்தால் அழுதார். ஆனாலும் பயிற்சியைக் கைவிடவில்லை.

2009ஆம் ஆண்டு அவருடைய நண்பர் டானி ஹார்கே திடீரென இறந்தார். ஹார்கே, பார்சலோனாவின் உள்ளூர்ப் போட்டிக் குழுவான எஸ்பான்யோலின் தலைவர். அந்த இழப்பும் காயங்களும் இனியெஸ்தாவை மனச்சோர்வில் ஆழ்த்தின. அவர் நிபுணரின் உதவியை நாடி மீண்டு வந்தார்.

2010ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் 116ஆம் நிமிடத்தில், நெதர்லாந்துக்கு எதிராக வெற்றிக் கோலைப் புகுத்தினார். உடனே மேற்சட்டையைக் கழற்றினார். உட்சட்டையில் நண்பரின் பெயர் இருந்தது! அதற்காக நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். அவ்வாண்டு இறுதியில் எஸ்பான்யோல் திடலில் அவர் விளையாடியபோது, அக்குழுவின் இரசிகர்களே அவருக்குக் கைதட்டினர்.

அந்தக் கோல் அவருக்குப் புகழைத் தந்தது. துயரத்தை மறைக்காமல் உதவி கேட்ட துணிவோ, என் மனத்தில் அவரை மேலும் உயர்த்தியது.