மேட் கருப்பு: பூசறதா, ஒட்டறதா?

காருக்கு நிறம் மாத்தறதைப் பத்தி எழுத இவன் யாருன்னு நீங்க கேட்டா, அது நியாயமான கேள்விதான். என்கிட்ட இருக்கறது ஒரு டி.வி.எஸ். எக்ஸெல் மட்டும். ஆனா போன தை மாசம் முழுக்க எங்க வீட்டுல இதே பேச்சு. தக்காளி விலையைப் பத்திக்கூட நாங்க அவ்வளவு பேசலை.

விஷயம் இதுதான். எங்க அக்கா பையன் கோயம்புத்தூர்ல வேலை பாக்கறான். வீட்டுல ஒரு ஸ்விஃப்ட் இருக்குது. 2014-ல மச்சான் வாங்கினது, வெள்ளை நிறம். மச்சான் தவறி ஒரு வருஷம் ஆகப்போகுது. இப்ப வண்டியைப் பையன்தான் ஓட்டறான். அதை மொத்தமா மேட் கருப்பு ஆக்கணும்னு அவனுக்கு ஆசை. பளபளப்பு இல்லாம, கரித்துண்டு மாதிரி இருக்குமே, அந்தக் கருப்பு.

கேட்டதும் அக்கா முகம் மாறிப்போச்சு. வந்திருந்த பெரியம்மா ஒருத்தங்க, "கருப்பு நமக்கு ஆகாது கண்ணு"ன்னாங்க. "நம்ம சாமியே கருப்பராயன்தானுங்களே ஆத்தா"ன்னு பையன் ஒரே வார்த்தையில வாயை அடைச்சுட்டான். ஆனா அக்காவோட வருத்தம் கருப்பு வர்றதைப் பத்தி இல்லை, அந்த வெள்ளை போறதைப் பத்தி. "அவரு நாலு கடை ஏறி இறங்கிப் பிடிச்சு எடுத்த வண்டிடா"ன்னு மட்டும் சொன்னாங்க. பையன் தனியா என்கிட்ட, "மாமா, எப்ப உள்ள உக்காந்தாலும் அப்பா வண்டியை இரவல் வாங்கிட்டுப் போற மாதிரியே இருக்குதுங்க. இது என் வண்டியாகணும்"ன்னான். ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்.

சரி, முதல்ல விவரம் தெரிஞ்சுக்குவோம்னு அவனைக் கூட்டிக்கிட்டு ஒரு பெயிண்ட் பட்டறைக்கும், ஸ்டிக்கர் ஒட்டற கடைக்கும் போனேன். ரேப்புன்னு அவங்க சொல்றதை நான் ஸ்டிக்கர்னுதான் சொல்லுவேன்.

மேட் என்னன்னு புரிஞ்சுக்க கோயிலுக்குப் போனாப் போதும். புதுசாக் கொத்தின கருங்கல் சாமியைப் பாருங்க, மங்கலா இருக்கும். எண்ணெய்க்காப்புப் போட்டதும் பளபளன்னு ஆயிரும். கல்லு அதேதான். மேல்பரப்பு சொரசொரப்பா இருந்தா வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும், வழவழன்னு இருந்தா ஒரே பக்கமாத் திரும்பும். மேட் பெயிண்டுல கடைசியாப் போடற கிளியர்ல சிலிக்கா மாதிரி நுண்ணிய தூள் கலந்து, கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பை வரவைக்கறாங்க.

இதுலதான் வம்பே இருக்குது. ஆட்டுக்கல் குழியைத் தொட்டுப் பாருங்க, தேஞ்சு தேஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும். மேட்டும் அப்படித்தான், அழுத்தித் தேய்ச்சா தேய்ச்ச இடம் மட்டும் மினுங்கிப் போயிரும். மத்த வண்டிக்கு கீறல் விழுந்தா பாலிஷ் போட்டு எடுக்கற மாதிரி இதுல எடுக்க முடியாது. மெழுகு போடக்கூடாது. பிரஷ் சுத்தற மெஷின்ல விட்டுக் கழுவக்கூடாது. பெயிண்டுல ஒரு கீறல் ஆழமா விழுந்தா, அந்த இடத்தை மட்டும் தொட்டு ஒப்பேத்த முடியாது, கதவுன்னா அந்தக் கதவு முழுசும் திரும்ப அடிக்கணும்.

பெயிண்ட் பட்டறைக்காரர் பொறுமையாச் சொன்னார். இருக்கற கிளியரை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, நசுங்கின இடத்துக்கு டிங்கர் வேலை செஞ்சு, பட்டி பாத்து, பிரைமர் அடிச்சு, தூசி புகாத பூத்துல கருப்பும் மேட் கிளியரும் அடிக்கணும். கதவைத் திறந்தாத் தெரியற ஓரமும் கருப்பாகணும்னா அதுக்குத் தனி வேலை, தனிக் காசு. ஒழுங்கா அடிச்சா வருஷக்கணக்கா நிக்கும். ஆனா தேய்ச்சு எடுத்த கம்பெனி பெயிண்ட் திரும்பி வராது.

ஸ்டிக்கர் கடையில கேட்டதும் எனக்குப் புதுசுதான். ஷீட்டுல ரெண்டு ஜாதி இருக்குதாம். ஒண்ணு கேலண்டர்டு. சூடான வினைலை உருளைகளுக்கு நடுவுல அழுத்தி இழுத்துச் செய்யறது. இன்னொண்ணு காஸ்ட். கூழா ஊத்திப் பரப்பிக் காயவைக்கறது. சப்பாத்திக்கும் தோசைக்கும் உள்ள வித்தியாசம்னு வச்சுக்குங்க. சப்பாத்தி மாவை இழுத்துத் தேய்ச்சாலும் சுருங்கப் பாக்கும், தோசை ஊத்தின இடத்துல நிக்கும். அதனாலதான் மலிவு ஷீட்டு பம்பர் வளைவுலயும் கதவு ஓரத்துலயும் கொஞ்ச நாள்ல சுருங்கிப் பிரியுது. காஸ்ட் ஷீட்டு வளைவுல படிஞ்சு உக்காரும். எங்களுக்குச் சொன்ன விலை: மலிவு ஷீட்டு 30,000, காஸ்ட் 70,000, பெயிண்ட் 60,000.

வினைல்னா நம்ம பி.வி.சி. குடும்பம்தான். பி.வி.சி. பைப்பை எங்க ஊர்ல மண்ணுக்குள்ள புதைப்போம். வெயில்ல கிடந்தா முறுமுறுன்னு ஆகி, மம்பட்டி லேசாப் பட்டாலே உடைஞ்சுரும். சொட்டுநீர்க் குழாய் மட்டும் வெயில்லயே கிடக்கும், அதுல கார்பன் கருப்பு கலந்திருக்கறதால தாங்குது. அதை நினைச்சு, "கருப்பு ஷீட்டுன்னா வெயில் தாங்குமில்லீங்க?"ன்னு கேட்டேன். கடைக்காரர் சிரிச்சுட்டு, "குழாய் மொத்தங்க, இது நூல் மாதிரி. பக்கவாட்டுல அஞ்சு ஏழு வருஷம் வரும். பானெட்டும் கூரையும் மல்லாந்து கிடக்கறதால முன்னாடியே போகும்"ன்னார். காலம் தாண்டி விட்டா ஷீட்டு உரிக்க வராது, துண்டு துண்டாப் பிஞ்சு பசை நின்னுரும். நேரத்துக்கு எடுத்துட்டா அடியில பெயிண்ட் வெயில் படாம அப்படியே இருக்கும்.

அப்பத்தான் எனக்கு மனசுல ஒரு கணக்கு வந்துச்சு. பெயிண்ட் தென்னை வைக்கற மாதிரி. வச்சுட்டா வச்சதுதான், பிடிக்கலைன்னு அடுத்த போகத்துக்கு மாத்த முடியாது. ஸ்டிக்கர் தக்காளி மாதிரி. செலவு இருக்கும், ஆனா பந்தலைப் பிரிச்சா அடியில மண்ணு நம்ம மண்ணுதான். அக்காவுக்கு அந்த மண்ணு இருக்கணும், பையனுக்கு மேல வேற பயிர் வேணும்.

ஆனா ஒரு சிக்கல். கடைப் பையன் டார்ச் அடிச்சு வண்டியைச் சுத்திப் பாத்தான். "பானெட்டு கம்பெனி பெயிண்ட் இல்லீங்க, திரும்ப அடிச்சிருக்கு. எடுக்கறப்ப ஷீட்டோட பெயிண்டும் வந்துரலாம்"ன்னான். உண்மைதான். ஒரு ஆடி மாசத்துக் காத்துல வேப்பங்கிளை முறிஞ்சு பானெட்டு மேல விழுந்தப்ப, மச்சான் பட்டறையில விட்டுத் தட்டி அடிச்சது. அடியில பட்டி போட்ட இடம், துரு பிடிச்ச இடம், திரும்ப அடிச்ச இடம் இதையெல்லாம் முதல்லயே பாத்துச் சொல்ற கடைதான் நல்ல கடை. பேசாம ஒட்டிக் கொடுக்கறவங்களும் இருக்காங்க.

இதை அக்காகிட்ட அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "பானெட்டு போனாப் போகுது, அது பட்டறை வெள்ளைதானே. மத்தது இருக்குமில்ல?"ன்னாங்க. "இருக்கும்"னேன். அதோட வீட்டுல பஞ்சாயத்து முடிஞ்சுது.

ஆபீஸ் பஞ்சாயத்து பாக்கி இருந்துச்சு. ஆர்.சி.யில வண்டியோட நிறமும் எழுதியிருக்குமுங்க. வண்டி மொத்தமும் நிறம் மாறினா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அனுமதி வாங்கி ஆர்.சி.யில மாத்திக்கணும், இன்சூரன்ஸ்லயும் தெரியப்படுத்தணும். இல்லைன்னா வழியில நிறுத்திக் கேட்டாலும் சிக்கல், அடிபட்டுப் பணம் கேக்கறப்பவும் சிக்கல். ஆர்.சி.யை எடுத்துப் பாத்தா, இன்னும் மச்சான் பேருலயே இருக்குது. உரிமையாளர் தவறிட்டா மூணு மாசத்துக்குள்ள வாரிசு பேருக்கு மாத்தச் சொல்லி படிவம் 31-ல எழுதிக் கொடுக்கணும். துக்கத்துல யாருக்கும் அந்த ஞாபகமே வரலை. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அக்காவோட சம்மதக் கையெழுத்து எல்லாம் வச்சு, தாமதத்துக்கு அபராதமும் கட்டி, பேரு மாறி வர்ற வரைக்கும் நிறத்தைத் தொடவேண்டாம்னுட்டேன். புது ஆர்.சி. வந்த அன்னைக்கு அவன் அதையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தான். "கருப்பு வேணுமா இன்னும்?"னு கேட்டேன். "வேணுங்க மாமா"ன்னு சிரிச்சான். வயசு அப்படி.

மாசியில காஸ்ட் ஷீட்டே ஒட்டியாச்சு. நல்லாத்தான் இருக்குது, மறைக்கறதுக்கு என்ன! எருமைக்கன்னு மாதிரி அம்சமா நிக்குது. கருப்பு வெயிலை இழுக்கும், அதனால மத்தியானம் களத்துல நிறுத்தினா உள்ள அடுப்பு மாதிரி கொதிக்குது. புளியமரத்து அடியில நிறுத்தலாம்னா காக்கா எச்சம். எச்சம் காயறதுக்குள்ள தண்ணி ஊத்தி ஊறவச்சு ஒத்தி எடுக்கணும், சுரண்டக்கூடாது.

நகரத்துல யாரும் எச்சரிக்காத ஒண்ணு, தண்ணி. எங்க போர் தண்ணி உப்பு. சொட்டுநீர்க் குழாய் ஓட்டையே அடைச்சுக்கும், ஆசிட் விட்டுத்தான் எடுப்போம். அந்தத் தண்ணியில கழுவி வெயில்ல காயவிட்டா மேட் கருப்பு மேல பொட்டுப் பொட்டா வெள்ளைக்கறை நிக்குது. பளபளப்பான வண்டின்னா தேய்ச்சு எடுத்துரலாம், இதுல தேய்க்கவே கூடாதே. அபார்ட்மென்ட்ல போர் தண்ணியில கழுவறவங்களுக்கும் இதே கதைதான். பெயிண்டோ ஸ்டிக்கரோ, காசு கொடுக்கறதுக்கு முன்னாடி உங்க தண்ணி எப்படி, வண்டி நிக்கற இடம் எப்படின்னு பாத்துக்குங்க. பையன் இப்ப ஓட்டுத் தாழ்வாரத்துல ரெண்டு டிரம் வச்சு மழைத்தண்ணி பிடிக்கறான். காருக்காகவாவது எங்க வீட்டுல மழைநீர் சேமிப்பு வந்துச்சு.

அக்கா முதல் நாள் அந்தக் காருகிட்டயே வரலை. ரெண்டாம் வாரம் சந்தைக்குப் போக ஏறினாங்க. கதவைத் திறந்தா நிலையோரம் எல்லாம் பழைய வெள்ளை. ஷீட்டு அங்க போகாது. அதைக் கையால ஒரு தடவை தடவிட்டு, ஒண்ணும் சொல்லாம உள்ள உக்காந்தாங்க.

உங்கள்ல மேட் வண்டி வச்சிருக்கறவங்க இருந்தா, ஐப்பசி கார்த்திகை மழையில சேறு அடிச்சா எப்படிக் கழுவறீங்கன்னு எழுதுங்க. எங்க மண்ணு செம்மண்ணு.